வரப்பு அகலமான வருஷம்

"கையைக் குடு தாயி."

அப்பா இப்படிக் கேட்ட அந்தக் காலை நேரம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நல்லேப்பிள்ளியில் என் மாமியார் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெளியே நடவு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சேற்று வாசனையும் மாட்டுக்கு ஆட்டி வைத்த பருத்திக்கொட்டை வாசனையும் கலந்து உள்ளே வந்தன. நான் காப்பி டம்ளரோடு நின்றேன்.

எதற்குக் கை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்து நிற்கத்தான் கேட்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கையைக் கொடுத்தேன். இழுத்து நிறுத்தினேன். நின்றவர் தொடை நடுங்க, மறுபடியும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கட்டும் தாயி, பெறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த மனிதர் போன வருஷம்வரை ரேஷன் அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்படி ஏறியவர். நோய் கிடையாது. விழுந்து எலும்பு முறியவில்லை. சோற்றுக்குக் குறைவில்லை. பிறகு கால் எங்கே போயிற்று? அன்று முதல் எனக்கு அது ஒன்றுதான் கவலை. அப்பா தன் காலால் மறுபடி நடக்க வேண்டும்.

சரிவில் ஒரு ஊர்

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். உடுமலைப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலை ஏறியவர் அப்பா. ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. சுற்றிலும் திருநெல்வேலி, மதுரை ஆட்கள். அவர்களோடு பழகிப் பழகி எங்கள் அப்பாவுக்குச் சொந்தப் பேச்சே மறந்துபோய், "வந்தாக, போனாக" என்றுதான் வாயில் வரும். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எஸ்டேட்டில் நாங்கள் இருந்த லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், சரிவின் நடுவில் இருந்தது. தண்ணீர்க் குழாய் கீழே. கக்கூஸ் வரிசையின் கடைசியில். கடைத்தெரு இன்னும் கீழே. மாரியம்மன் கோயில் உச்சியில். இதைத் திட்டம் போட்டவன் யாரோ, மனிதன் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதவன் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். ஒரு குடம் தண்ணீருக்கு இறங்கு, ஏறு. ஒரு தீப்பெட்டிக்கு இறங்கு, ஏறு. சாமிக்குச் சூடம் கொளுத்த ஏறு, இறங்கு.

ஆனால் படியின் ஓரமாகவே தண்ணீர்க் குழாய் இரும்பில் மேலே போகும். ஏறுகிறவர்கள் அதைப் பிடித்துப் பிடித்து அது பளபளவென்று ஆகியிருக்கும். பனிக்காலத்தில் ஐஸ் போலச் சுடும். வளைவுக்கு வளைவு மண் சரியாமல் கட்டிய கல்கட்டு. உட்கார அளவான உயரம். உட்கார்ந்தால் எதிர் வாசலிலிருந்து ஒரு குரல் வரும். "என்ன மாமா, மூச்சு வாங்குதா? கட்டன் டீ போடட்டா?" மூச்சு வாங்கவில்லை என்று காட்டுவதற்காகவே அப்பா எழுந்து நடப்பார்.

எங்கள் லயத்தில் பல் கொட்டிய கிழவர்கள் எத்தனையோ பேர். படுத்துக் கிடந்தவரை நான் பார்த்ததில்லை. திட்டிக்கொண்டே ஏறுவார்கள், இருமிக்கொண்டே இறங்குவார்கள். அதெல்லாம் ஒரு விசேஷம் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

தனி வீடு

அம்மா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் வந்தது. வேலை முடிந்தால், எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பிள்ளை இல்லாதவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் வழக்கம். பிள்ளை என்று நான் ஒருத்திதான். "பாவம், அந்தப் படிக்கட்டுல ஏறி எறங்கி முட்டி தேஞ்சிருக்கும். இங்க சமதளம், சொகமா இருக்கட்டும்" என்று என் மாமியாரே சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். மலையில் ஏறித் தவித்த காலுக்குச் சமவெளி சொர்க்கம் என்றுதான் யாருமே நினைப்பார்கள்.

எங்கள் வீடு வயலுக்கு நடுவில் தனி வீடு. கிழக்குப் பாலக்காட்டில் விவசாயக் குடும்பங்கள் இப்படித்தான். அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மனிதர் கிடையாது. என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் மில் வேலை, வாரம் ஒருமுறை வந்தால் உண்டு. ஆசாரத்தில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் பச்சை, அதற்கப்பால் பனைமரங்கள், அதற்கப்பால் நீலமாக மலை. பார்க்க அழகு. பேச ஆள் இல்லை.

லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு வயசு" என்று சொல்கிற ஊரிலிருந்து போனவள் நான். கல்யாணமான புதிதில் மாட்டோடு பேசியிருக்கிறேன், சத்தியமாக. அப்பா வருகிறார் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பேச்சு, என் ஊர், என் மனுஷர், என் கூடவே இருக்கப் போகிறார்!

சம்பந்தி மரியாதை

பெண்ணைக் கொடுத்த வீட்டில் அப்பன் போய்த் தங்குவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. ஒருவேளை சாப்பாட்டோடு எழுந்து வருவதுதான் முறை. வேறு வழியில்லாமல் வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று என் மாமியாரும் மாமனாரும் மரியாதையை இரட்டிப்பாக்கினார்கள். அங்கேதான் வந்தது வினை.

அப்பா செம்பை எடுத்தால், "அட, வெய்யுங்கண்ணா! சம்பந்தி எந்திரிச்சுத் தண்ணி மோந்து குடிச்சாருன்னா ஊரு எங்க மூஞ்சியில காறித் துப்பாதா?" என்பார் மாமியார். தண்ணீர் கட்டிலுக்கு வரும். காப்பி கட்டிலுக்கு வரும். குளிக்க வெந்நீர் முற்றத்துக்கே வரும். மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் போடப் போனால் பண்ணையாள் ஓடி வந்து வாங்கிக்கொள்வான். அப்பாவும் பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சோறு தின்கிற கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. தங்கமான மனுஷி. அன்பால்தான் செய்தார். ஆனால் அந்த அன்பு அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டது.

வெளியே போகலாமே என்பீர்கள். எங்கே போவது? போக ஒரே ஒரு இடம் இருந்தது. ரோட்டோரத்தில் வேலாயுதன் சேட்டனின் டீக்கடை. காப்பி குடிக்கிற வீட்டில் மாட்டிக்கொண்ட தேயிலை மனுஷருக்கு அது கோயில் மாதிரி. வந்த புதிதில் ஒரே ஒரு நாள் போனார். திரும்பும் வழியில் வரப்பில் கால் வழுக்கி, இடுப்புவரை சேற்றில் இறங்கி, நாலு பேர் தூக்கி வந்து முற்றத்தில் உட்கார வைத்தார்கள். சேற்றைக் கழுவும்போது அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. அதோடு சரி. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார். மழை விட்டபோது கால் இல்லை.

செதுக்கிச் செதுக்கி

அந்த வரப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ரோட்டுக்கு அது ஒன்றுதான் நடைபாதை. வண்டித்தடம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், மழையில் முழங்கால் சேறு.

வரப்புக்கு இந்தப் பக்கம் மாமனார் நிலம். அந்தப் பக்கம் அவர் தம்பி நிலம். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் நடவுக்கு முன்னால் மண்வெட்டியால் வரப்பின் ஓரத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்வார்கள். அண்ணன் செதுக்கும்போது ஒரு விரல்கடை கூடுதலாக எடுப்பார். அதைப் பார்த்துத் தம்பி ஒரு விரல்கடை எடுப்பார். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தான் பேச வேண்டி வருமே!

இப்படியே வருஷா வருஷம் மெலிந்து, அந்த வரப்பு ஒரு பாதம் வைக்கத்தான் தாங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சேற்றிலேயே பிறந்தவர்கள் அதில் தலைச்சுமையோடு ஓடுவார்கள். கல்படியில் நடந்து பழகிய அப்பாவுக்கு அது கயிற்றின் மேல் நடக்கிற வித்தை. வாய்க்காலைக் கடக்க ஒற்றைப் பனந்தடி வேறு.

வைத்தியர் வந்தார். தைலம் கொடுத்தார். நான் தேய்த்தேன். கால் மினுமினுவென்று ஆனதுதான் மிச்சம்.

எருதுச் சண்டை

கையைக் கொடு என்று அப்பா கேட்ட அன்று மத்தியானம் நான் வெடித்துவிட்டேன். மாமியார் அப்பாவுக்குத் தட்டத்தில் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசற்படியில் மறித்து நின்றேன்.

"வெய்யுங்கத்தை. அவரு எந்திரிச்சு வந்து திங்கட்டும்."

"என்ன கண்ணு இப்படிப் பேசறே? பெரிய மனுசரு..."

"பெரிய மனுசரை இப்படி உக்கார வெச்சு உக்கார வெச்சே முடமாக்கியாச்சு! ஏரோட்டாத எருதைக் கட்டுத்தறியிலயே கட்டி வெச்சு வேளாவேளைக்குத் தீனி போட்டா அது எந்திரிக்குமாங்க?"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கொப்பனை நீயே எருதுங்கறயா? நாங்க அப்படியா நெனச்சோம்?" என்று தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

ஆசாரத்திலிருந்து அப்பா குரல் வந்தது. "சண்ட போடாதீக. எருதுன்னா எருதாவே இருந்துட்டுப் போறேன். சோறு மட்டும் ஆறிப்போகுது."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாத ஆள். "அந்த வரப்பு மட்டும் நல்லா இருந்தா மச்சான் நடப்பாரா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"போறதுக்கு ஒரு எடமும் போறதுக்கு ஒரு வழியும் இருந்தா நடப்பாருங்க மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நட்ட நாற்றின் மேல்

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் மாமனாரும் பண்ணையாளும் வரப்பில் நிற்கிறார்கள். தம்பி பக்கத்தைத் தொடவில்லை. தன் பக்கத்தில், நட்டுப் பச்சை பிடித்து நிற்கிற நாற்றின் மேலேயே மண்ணை வெட்டிப் போட்டு வரப்பை அகலமாக்கிக்கொண்டிருந்தார்.

விவசாயி வீட்டில் வாழாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாது. உயிரோடு நிற்கிற நெல்லை மண்ணில் புதைப்பது! மாமியார் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டார். ஒரு விரல்கடைக்காகத் தம்பியோடு பேச்சை விட்ட மனிதர், சம்பந்தியின் காலுக்காகத் தன் நிலத்தில் இரண்டு முழத்தை வரப்புக்குக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்க் காலில் விழலாம் போலிருந்தது.

அந்தப் பக்கத்து வயலில் தம்பிக்காரர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வது போல, "சம்பந்திக்கு ராசபாட்டை போடறாப்புல இருக்குதுங்க!" என்றார்.

மாமனார் நிமிராமலே, "உன்ற மண்ணு ஒண்ணும் கரையலை. போய் உன்ற சோலியப் பாரு" என்றார்.

பல வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்கப்புறம் இப்படி நக்கலாகவே பேசிக்கொண்டார்கள், சாகிறவரைக்கும். பேசாததற்கு அது மேல்.

வாய்க்காலில் இன்னும் இரண்டு பனந்தடி போட்டார்கள். பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டினார்கள். பாதி வழியில் உட்கார ஒரு பனந்துண்டு. அது நான் கேட்டு வாங்கியது. எங்கள் லயத்துக் கல்கட்டு உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நின்று பார்த்துப் புதைக்க வைத்தேன்.

நாங்கள் நடந்த காலம்

முதல் நாள் முற்றத்தைத் தாண்டவே மூச்சு இரைத்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொள்வார். "விட்றாத தாயி" என்பார். கொஞ்ச நாளில் பனந்துண்டுவரை போனோம். பிறகு வாய்க்கால். பிறகு ஒரு நாள், கையை விட்டுவிட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தானாகவே அந்தக் கரைக்குப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இலை வாட்டும் மாடியிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டுவாரே, அதே முகம். நான் சிறுபிள்ளை மாதிரி கை தட்டினேன். வயலில் களை எடுத்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டீக்கடையில் வேலாயுதன் சேட்டன் எழுந்து வந்து, "வரூ அண்ணாச்சி, இரிக்கூ" என்று பெஞ்சைத் துடைத்தார். அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வேலாயுதா, தூளப் போட்டு டீ எறக்குனியா, இல்ல மாட்டுக்குக் காச்சுன தண்ணிய மாத்திக் குடுத்துட்டியா?" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. சேட்டனுக்குக் கோபம் வரவில்லை. மறுநாளிலிருந்து டீ போடும் முன்னால் அப்பாவிடம் தூளை முகரக் கொடுப்பார்.

நான் கடைக்குள் போக மாட்டேன். புளியமரத்தடியில் நிற்பேன், எனக்கு ஒரு கிளாஸ் அங்கேயே வரும். பஸ் போவதைப் பார்ப்பேன். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் ஒரு வேலையும் இல்லாமல் ரோட்டோரம் வந்து நின்று மனிதர்களை வேடிக்கை பார்த்தது அப்போதுதான். "சம்பந்திக்குத் துணைக்குப் போறா" என்றால் யார் என்ன சொல்ல முடியும்? திரும்பும்போது அப்பா எஸ்டேட் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். நானும் அந்தப் பேச்சிலேயே பதில் சொல்வேன். என் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று கேட்டால், யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

கால் வந்துவிட்டது

அறுப்பு முடிந்த சமயம். ஒரு நாள் பனந்துண்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"தாயி, நான் மேல போயிர்றேன்."

"எங்கே மேலே?"

"எஸ்டேட்டுக்கு. கடைத்தெருவுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்காம். பஸ்ல வந்த நம்ம ஆளுக சொன்னாக."

நான் எதிரில் போய் நின்றேன். "ஏன், இங்க உங்களுக்கு என்ன கொறை வெச்சாக? நெல்லையே பொதைச்சாரே அந்த மனுசன், உங்களுக்காக!"

"அவுக தெய்வம் தாயி. கொறை ஒண்ணுமே இல்ல, அதான் பாடா இருக்கு. இங்க எனக்குப் பேரே சம்பந்தின்னு ஆகிப்போச்சு. அங்க போனா நாலு பேரு 'என்ன மாமா, இன்னும் சாகலையா'ன்னு கேப்பாக. எனக்கு அது வேணும்."

"அந்தப் படியில எப்படி ஏறுவீக?"

"இப்பத்தான் கால் வந்துருச்சுல்ல."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தில் அவர் ஊன்றி வந்த கைத்தடியைப் பிடுங்கி வயலில் வீசலாம் போலிருந்தது. நான் தேய்த்த கால், நான் சண்டை போட்டு மீட்ட கால், என்னை விட்டுப் போகத்தானா? "அப்ப நான் யாருகூடப் பேசுறது?" என்று கேட்டேன். அப்பா என் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

மாமியார்தான் அதிகம் அழுதார். "ஊரு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேனுங்கண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமனார் மட்டும், "விடு, நடக்கற மனுசனை என்னன்னு புடிச்சு வெக்கறது?" என்றார்.

அதன் பிறகு அப்பா அந்த மலையில் நெடுநாள் இருந்தார். கடைசிவரை படி ஏறினார், இறங்கினார், எல்லோரையும் திட்டினார் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தது விரல் விட்டு எண்ணும் தடவைதான்.

அப்பா கிளம்பிய அன்று டீக்கடை முன்னால் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. அதன் படி உயரம். கண்டக்டர் மேலிருந்து கையை நீட்டினார். "வேணாம் தம்பி" என்று அப்பா கம்பியைப் பிடித்து ஒரே உந்தில் ஏறிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது.

"மோளே, ஒரு சாயா எடுக்கட்டே?" என்று வேலாயுதன் சேட்டன் கேட்டார். பெஞ்சில் இருந்த ஆண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு வரப்பில் இறங்கினேன்.

அந்த வரப்பில் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நடந்திருக்கிறேன். தண்ணீர் பாய்ச்ச, புல் அறுக்க, களத்துக்குக் கஞ்சி கொண்டுபோக. இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம். ஒரு மனிதரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று நான் அதில் ஒரு நாளும் நடந்ததில்லை.